வட சென்னையில் பிள்ளைகளுக்கு அடிபடாமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தடுப்பூசி அட்டையை பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைக்கிற வீட்டில்கூட தண்ணீர் டிரம்முக்கு மூடி இருப்பதில்லை. அந்த மூடியைப் பற்றியும் நாம் பேச ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது.

பிள்ளை என்றால் விழும், சுட்டுக்கொள்ளும். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

முட்டி சிராய்வது சகஜம்தான். அதைத் தடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓடி விழாமல் எந்தப் பிள்ளையும் வளராது. இங்கே பேசுவது உயிரை எடுக்கிற, அல்லது ஆயுசுக்கும் ஊனமாக்குகிற விபத்துகளைப் பற்றி. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2008ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 8,30,000 பிள்ளைகள் விபத்துக் காயங்களால் இறக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். சாலை விபத்து, நீரில் மூழ்குவது, தீக்காயம், விழுவது, விஷம் என்பது வரிசை. இந்த மரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடக்கின்றன. பணக்கார நாட்டுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போலத்தான் சேட்டை செய்கிறார்கள். அவர்கள் ஓடியாடுகிற இடம் வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா கவனமாக இருந்தால் எதுவும் நடக்காது என்கிறார்களே?

இந்தப் பேச்சைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆனதும் மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள்கூட, "நீ என்ன பண்ணிட்டு இருந்தே?" என்றுதான் கேட்கிறார்கள். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டிருந்தாள். பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிர்ச்சுவரில் டிவி, நடுவில் பாய், வாசலை ஒட்டி நீல டிரம். பாயில் படுத்திருக்கிற பிள்ளைக்கும் அடுப்புக்கும் நடுவே நாலு தப்படிகூட இருக்காது. அந்த வீட்டில் பதினாறு மணி நேரம் கண் இமைக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்வது ஆலோசனையே இல்லை. பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்வது.

அமெரிக்காவின் வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர் 1960களில் இதை வேறு விதமாகப் பார்க்கச் சொன்னார். காயம் என்பது உடம்பு தாங்காத அளவுக்கு சூடோ, வேகமோ, மின்சாரமோ வந்து சேர்வதுதான். அது பிள்ளையை வந்தடையாமல் நடுவில் ஒன்றை வைத்தால் போதும் என்றார். நியூயார்க்கில் ஏழைக் குடியிருப்புகளின் ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் விழுந்துகொண்டே இருந்தபோது, 1972ல் அந்த நகரச் சுகாதாரத் துறை தாய்மார்களுக்கு அறிவுரை சொன்னதோடு நிற்காமல் ஜன்னலுக்கு இலவசமாகக் கம்பி கொடுத்தது. பிராங்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டில் அப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. 1976ல் கம்பி போட வேண்டியது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்று சட்டமே வந்தது. அந்த இரண்டு ஆண்டில் அம்மாக்கள் மாறிவிடவில்லை, ஜன்னல்தான் மாறியது.

எனவே கீழே வரும் பதில்களில் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன். ஒரு தடவை செய்துவிட்டால் நாம் மறந்தாலும் வேலை செய்கிற காரியங்களைத்தான் முதலில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அடுப்பு தரையில் இருக்கிறது. மேடை கட்ட வசதி இல்லை. என்ன செய்வது?

சின்னப் பிள்ளைகளின் தீக்காயங்களில் பெரும்பாலானவை நெருப்பால் வருவதில்லை. வெந்நீர், ரசம், பால், டீ, வடிகஞ்சி. அதிலும் வடிகஞ்சி தண்ணீரைவிட மோசம். கெட்டியாகத் தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாது. பானையைச் சாய்த்து வடிக்கப் போட்டுவிட்டு, கீழே கஞ்சி விழுகிற கிண்ணத்தைத் தரையிலேயே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். தவழ்கிற பிள்ளைக்கு அது தன் உயரத்தில் ஆவி பறக்கிற விளையாட்டுச் சாமான்.

மேடை வேண்டாம். இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக்கை இடுப்பு உயரம் வரை அடுக்கி மேலே ஒரு கடப்பாக்கல் வைத்தால் அடுப்பை அதில் வைத்துவிடலாம். ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் அடுப்புக்குக் கீழே நிமிர்ந்தே இருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அடுப்பு மூலையை மட்டும் பிரிக்கிற மாதிரி ஒரு மரத் தடுப்பு. பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை, உடைந்த கேட், எதுவானாலும் சரி. பிள்ளையின் நெஞ்சு உயரம் இருந்தால் போதும். வடிக்கிற வேலைக்கு குக்கர் உதவும். முடியாதபோது வடிக்கும் கிண்ணமாவது மேலே இருக்கட்டும். வாணலியின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கட்டும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்காதீர்கள்.

இன்னொன்று, ஹீட்டர் கம்பி. பிளாஸ்டிக் பக்கெட்டில் ராடு போட்டு வெந்நீர் காய வைப்பது மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதில் சூடும் கரண்டும் சேர்ந்தே இருக்கிறது. அதைவிட அடுப்பில் குண்டானில் காய வைத்து, பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அப்புறம் வெந்நீரைக் கலப்பது எவ்வளவோ மேல்.

சுட்டுவிட்டால் பேஸ்ட் தடவலாமா? இங்க்? மாவு?

கூடாது. பேஸ்ட், இங்க், தோசை மாவு, முட்டை வெள்ளை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் மட்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரமாக இருந்தால் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டே இருங்கள். இருபது நிமிடம் என்பது பிள்ளை அலறும்போது ஒரு யுகம் மாதிரி இருக்கும், இருந்தாலும் நிறுத்தாதீர்கள். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிற சூட்டை எடுப்பது இது ஒன்றுதான். பதற்றத்தில் விட்டுப்போயிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. வீங்குவதற்கு முன் வளையல், கொலுசு, அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி, மீதி உடம்பு குளிராமல் போர்த்திக் கூட்டிப் போங்கள்.

பிள்ளையின் உள்ளங்கை அளவைவிடப் பெரிதாகச் சுட்டிருந்தாலோ, முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ, கரண்ட் அடித்திருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்கக் கூடாது. நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது.

கரண்ட் போனால் பாட்டிலில் திரி போட்டு விளக்கு ஏற்றுகிறோம். ஆபத்தா?

ஆபத்துதான். தட்டினால் கவிழும், கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டித் தீ பரவும். இலங்கையில் இதே பாட்டில் விளக்கால் கருகி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர் ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையாக, கனமான கண்ணாடியில், இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும், விழுந்தால் உருளாது. மூடி திருகு மூடி என்பதால் எண்ணெய் சிந்தாது. 1998ல் அதற்காக ரோலெக்ஸ் விருது வாங்கினார். தீக்காயத்தை ஆற்றத் தெரிந்த ஒருவர் விளக்கின் அடிப்பாகத்தைப் பற்றி யோசித்தது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. நமக்கு இன்று சார்ஜ் லைட் மலிவாகவே கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். சாமி விளக்கைப் பிள்ளைக்கு எட்டாத மாடத்தில் ஏற்றுங்கள்.

என் பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொன்னார். பரிகாரம் செய்துவிட்டோம். போதுமா?

பரிகாரம் செய்தது உங்கள் நம்பிக்கை, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்பது எல்லா ஜாதகத்துக்கும் பொருந்தும். அந்த வயதில் தலை கனம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புறப் போகும். தானாக நிமிர முடியாது. பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், மூக்கும் வாயும் முங்கினால் போதும். சத்தமும் வராது. சினிமாவில் வருவது போலக் கை கால் அடித்துக் கூப்பிடாது. அதனால்தான் அடுத்த அறையில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரியாமல் போகிறது.

நமக்கு ஏரி, குளம்கூட வேண்டாம். லாரித் தண்ணீர் வருகிற தெருவில் டிரம், அண்டா, சம்ப் எல்லாம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. டிரம்முக்குப் பூட்டுகிற மாதிரி மூடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் அம்மிக்கல்லையோ செங்கல்லையோ வையுங்கள். சம்ப் மூடியில் கொக்கி போட்டுவிடுங்கள். துணி துவைத்த பக்கெட்டை உடனே கவிழ்த்து வையுங்கள். மழைநீர் வடிகால் வேலைக்குத் தோண்டிப் போட்ட பள்ளம், மூடி இல்லாத மேன்ஹோல் இருந்தால் மாநகராட்சியின் 1913க்குச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பள்ளம் மூடும் வரை தெரு ஆட்கள் ஆளுக்கொரு தடவை கூப்பிடுங்கள்.

மூழ்கிய பிள்ளையைத் தூக்கியதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் வேண்டாம். இதனால் நேரம்தான் போகும். மூச்சு இல்லாவிட்டால் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் வேகமாக முப்பது அழுத்தம், இரண்டு ஊதல் என்று 108 வரும் வரை விடாமல் செய்யுங்கள். கைக்குழந்தையாக இருந்தால் வாயும் மூக்கும் சேர்ந்தே உங்கள் வாய்க்குள் வர வேண்டும்.

நான் காலையில் வீட்டு வேலைக்குப் போய்விடுவேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, அவள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். சரிதானே?

அவள் பாசமாகப் பார்த்துக்கொள்வாள். ஆனால் அவளும் குழந்தைதான். அவள் ஒரு நிமிடம் விளையாடப் போனாலோ, டிவியில் லயித்தாலோ, தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாரத்தை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். நீங்கள் அவள் மேல் கோபப்படவே இல்லை என்றாலும்.

வங்கதேசத்தில் குட்டை இல்லாத கிராமமே கிடையாது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் மூழ்கி இறப்பது அங்கே கொள்ளை நோய் போல இருந்தது. எந்த நேரத்தில் அதிகம் என்று பார்த்தார்கள். அம்மா சமையல், துவையல் என்று இருக்கிற முற்பகல் நேரம். ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். வேறு பெரிய ஏற்பாடு ஏதும் இல்லை. அங்கே வந்த பிள்ளைகளில் மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

நம்மிடம் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. சத்துமாவுக்கும் தடுப்பூசிக்கும் மட்டும் போகிற இடமாக அதை வைத்திருக்கிறோம். இரண்டு வயது ஆனதும் தினமும் அனுப்புங்கள். அது திறந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் பெரியவளுக்குப் பள்ளி, சின்னவனுக்குப் பாதுகாப்பு. இன்னும் இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு, வேலைக்குப் போகிற நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வீட்டில் இருக்கிற ஒரு ஆயாவுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுத்துப் பார்க்கச் சொல்வது நம் தெருக்களில் நடக்கிற காரியம்தான்.

பெரிய பையன்கள் காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலில் இறங்குகிறார்கள். கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லித் தர வேண்டுமா?

நீச்சல் தெரிந்தவர்களைத்தான் கடல் அதிகம் ஏமாற்றுகிறது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகளை ஒட்டி நீர் வேகமாக உள்ளே இழுக்கும். அங்கே அலை குறைவாக, அமைதியாகத் தெரிவதால் பையன்கள் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்துவிட்டு அப்புறம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். முகத்துவாரத்தில் கால் சேற்றில் மாட்டும். புழல் ஏரியில் ஆழம் திடீரென்று இறங்கும்.

இன்னும் முக்கியமானது: ஒருவன் முங்கும்போது அடுத்தவன் கை கொடுக்கப் போய் அவனும் போகிறான். கையைக் கொடுக்காதே, எதையாவது வீசு. கயிறு, துப்பட்டா, மூடி போட்ட காலிக் கேன். காலி பிளாஸ்டிக் குடம்கூட, கவிழ்த்துப் பிடித்துக்கொண்டால் மிதக்கும். இதை ஒவ்வொரு பையனுக்கும் எட்டு வயதிலேயே சொல்லிவிட வேண்டும்.

கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருந்த கிருஷ்ணாயிலைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கலாமா?

வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்கிற கேடு பெரிது. வாந்தி எடுக்கும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. தின்னரும் டர்பன்டைனும் அதே மாதிரிதான். ஆசிட் குடித்திருந்தால் போகும்போது வெந்தது வரும்போது இன்னொரு தடவை வேகும். வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் தெருக்களில் சைக்கிளில் வருகிற பினாயில்காரரிடம் பச்சை, ரோஸ், வெள்ளை என்று எல்லாமே பழைய தண்ணீர் பாட்டிலிலும் ஜூஸ் பாட்டிலிலும்தான் இருக்கும். பச்சை பினாயில் பார்க்க சர்பத் மாதிரியே இருக்கிறது. கக்கூஸ் ஆசிட் தண்ணீர் மாதிரி. வெயிலில் விளையாடிவிட்டு வந்த நாலு வயதுப் பிள்ளை எதைக் குடிக்கும்? ஆசிட்டில் பிழைத்த பிள்ளைக்கு உணவுக்குழாய் சுருங்கிப் போய், அதை விரிக்க மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். தெருவே சேர்ந்து அவரிடம் சொல்லலாம்: தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தால் வாங்க மாட்டோம். வீட்டில் இவை எல்லாம் கக்கூஸ் மூலையில் இல்லாமல், பரண் உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கும் பையில் இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி போட்ட மண்ணெண்ணெய் கேன்களைக் கொடுத்துப் பார்த்ததில் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள்.

எலிப் பசை பற்றி ஒரு எச்சரிக்கை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தின்ற பிள்ளை முதல் ஓரிரு நாள் நன்றாகவே இருக்கும், விளையாடும்கூட. அப்புறம்தான் கல்லீரல் கெடும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தொண்டையில் ஏதாவது மாட்டிக்கொண்டால்?

இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்னங்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. இப்படி மாற்றி மாற்றி. பெரிய பிள்ளையாக இருந்தால் ஐந்து தட்டுக்குப் பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கிக் குத்தி அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவ வேண்டாம், உள்ளேதான் போகும்.

வேர்க்கடலை, பட்டாணி, சீத்தாப்பழக் கொட்டை நாலைந்து வயது வரை வேண்டாம். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கிற பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

தூளி கட்டலாமா?

கைக்குழந்தைக்குக் கட்டலாம். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயராமல், கீழே பாய் விரித்து. பயம் கைக்குழந்தைக்கு இல்லை, அதன் அண்ணன் அக்காவுக்குத்தான். காலியாகத் தொங்குகிற புடவையில் ஏழெட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்கும். முறுக்கு கழுத்தில் விழுந்தால் கத்தக்கூட முடியாது. தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ பிள்ளைகளை இழந்திருக்கிறோம். குழந்தையைத் தூக்கியதும் புடவையை அவிழ்த்துவிடுங்கள், அல்லது எட்டாத உயரத்துக்குச் சுருட்டி முடிந்துவிடுங்கள்.

வாக்கர் வேண்டாம். சக்கரம் வைத்த வாக்கரில் பிள்ளை ஒரு நொடியில் வாசற்படியைத் தாண்டிப் படிக்கட்டில் உருளும். கனடா 2004லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது. மரத்தில் செய்த நம் நடைவண்டி வேறு. பிள்ளை நின்று தள்ளுகிற வண்டி, தள்ளுகிற வேகத்துக்குத்தான் போகும்.

ஹவுசிங் போர்டில் படிக்கட்டுக் கைப்பிடி உடைந்து கிடக்கிறது. யாரிடம் போவது?

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் (பழைய குடிசை மாற்று வாரியம்), எழுத்தில். பிளாக் எண், மாடி, படம், அந்தப் படிக்கட்டைப் பயன்படுத்துகிற வீடுகளின் கையெழுத்து. வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல். அது சரியாகும் வரை குறுக்கே இரண்டு வரிசை நைலான் கயிறு அல்லது மீன் வலை கட்டுங்கள். காசிமேட்டில் பழைய வலை கிடைக்கும். பால்கனிக் கம்பி இடைவெளியில் பிள்ளையின் தலை நுழைகிற மாதிரி இருந்தால் அங்கேயும் அதையே கட்டலாம். கட்டிலையும் ஸ்டூலையும் ஜன்னல் பக்கம் போடாதீர்கள்.

லீவு விட்டால் மாடியில் காத்தாடிதான். மாஞ்சா இல்லாமல் பையன்கள் விட மாட்டேன் என்கிறார்கள்.

காத்தாடி விடட்டும். மாஞ்சாதான் கூடாது. கண்ணாடித் தூளும் வஜ்ரப் பசையும் பூசிய நூல் யாரையாவது அறுக்கும் என்பது பையன்களுக்கே தெரியும். டீல் போடுவதே, அதாவது இன்னொரு காத்தாடியோடு மோதவிடுவதே, அறுக்கத்தானே. அறுந்த நூல் சாலைக்குக் குறுக்கே தொங்குவதை பைக்கில் வருகிறவர் பார்க்க முடியாது. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டைப் பக்கம் அப்பாவோடு பைக்கில் முன்னால் உட்கார்ந்து போன மூன்று வயதுப் பிள்ளை மாஞ்சா கழுத்தை அறுத்து இறந்துபோனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை போட்டது. சென்னையில் போலீஸ் பிடிக்கவும் செய்கிறது. ஆனாலும் நூல் ஆன்லைனில் பார்சலாக வீட்டுக்கே வருகிறது. பார்சலைப் பிரித்துப் பார்க்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்.

பையன்களிடம் சட்டத்தைச் சொல்வதைவிட அந்தப் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் காத்தாடி விடக் கூடாது. மேலே பார்த்தபடியே பின்னால் நடப்பான். அறுந்த காத்தாடிக்காகச் சாலையிலோ ரயில் பாதையிலோ ஓடவும் கூடாது. கழுத்திலோ கையிலோ அறுத்துவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை நரம்பும் தசைநாரும் அறுந்தால் ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே புகழ்பெற்ற பிரிவு இருக்கிறது.

பக்கத்துப் பள்ளிக்கு பைக்கில் விட்டுவர ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். நான்கு வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஹெல்மெட் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை, பிள்ளைக்கு ஏற்ற ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவர் உடம்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி. பெட்ரோல் டாங்க் மேல் உட்கார வைக்காதீர்கள். நாம் பிரேக் போட்டால் ஹேண்டில்பாரில் மோதுவது அதன் முகம். பின் சக்கரத்தில் புடவை கார்டு இருந்தால் குதிகால் ஸ்போக்கில் மாட்டாது. பதினைந்து வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்தால் அபராதம் 25,000 ரூபாய். மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்குத்தான்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கண்டெய்னர் லாரி பெரிய தலைவலி. டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டிக்கு முன்னால் ஒட்டியும், இடப்பக்கம் ஒட்டியும் நிற்கிற பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நின்றுகொண்டிருக்கிற டிரெய்லருக்கு முன்னால் புகுந்து கடக்கக் கூடாது; திரும்புகிற டிரெய்லரின் உள்பக்கம் சைக்கிளை விடக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுப்பதோடு, பள்ளி விடுகிற நேரத்தில் அந்தச் சாலைகளில் லாரி ஓடுவதை நிறுத்தக் கேட்டுப் பெற்றோர் சங்கமாக மனு கொடுப்பதும் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்கிற திறன் இன்னும் வந்திருக்காது. அதைத் திட்டி வரவழைக்க முடியாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிற கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து போவதை மட்டும் பெரியவர்கள் நாமே முதலில் நிறுத்த வேண்டும். நம்மைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் பிள்ளையை விளையாட விடலாமா?

வேண்டாம். 2017 நவம்பர் 1ஆம் தேதி கொடுங்கையூர் ஆர்.ஆர். நகரில், மின்வாரியப் பெட்டியிலிருந்து வந்த கம்பி கிடந்த தேங்கிய தண்ணீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். கதவில்லாத பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி), தரையில் கிடக்கிற கேபிள் கண்ணில் பட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மழை வருவதற்கு முன்னாலேயே, ஐப்பசி பிறந்ததும் தெருவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற 30 மில்லி ஆம்பியர் டிரிப் ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். கரண்ட் பிடித்தவரை வெறுங்கையால் தொடாமல் மெயினை அணையுங்கள்.

நாய் லேசாகப் பிராண்டியது. ஊசி போட வேண்டுமா?

ஆம், இன்றைக்கே. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு வேண்டாம். ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் நான்கு தவணை. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்கள். 2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. சோதித்ததில் அதற்கு வெறி இருந்தது. வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பிள்ளைகள் அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கிறார்கள். "கடித்தால் சொல்லு, திட்டவே மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

சாலையில் அடிபட்ட பிள்ளையை நான் தூக்கிப் போனால் போலீஸ் கேஸ் என்று அலைய வேண்டுமா?

இல்லை. உதவியவரைப் பெயர், முகவரி சொல்லும்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே (மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 134ஏ) இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பணம் கட்டச் சொன்னால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளைக்குத் தீக்காயம் ஆறிவிட்டது. ஆனால் விரல்கள் மடங்கியே இருக்கின்றன. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். தழும்பு ஆறும்போது சுருங்கும். மூட்டு மேல் இருந்தால் மூட்டையும் இழுத்துக்கொள்ளும். பிள்ளை வளரும், தழும்பு அதே வேகத்தில் வளராது. அதனால் இரண்டு வருடம் கழித்தும் புதிதாக இழுக்கலாம். தோல் மூடியதும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுவதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. அலைச்சலும் ஒரு நாள் கூலி போவதும் காரணம் என்பது தெரியும். பிசியோதெரபியில் சொல்லித்தருகிற பயிற்சியை வீட்டில் தினமும் செய்ய வைத்து, இரவில் மட்டை கட்டி, அழுத்த உறை போட்டால் பல விரல்கள் அறுவை இல்லாமலே நிமிரும். நிமிராதவற்றுக்கு அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் அறுவை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

புதுத் தோல் வெயிலில் கறுக்கும், ரொம்ப அரிக்கும். பருத்தித் துணி முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். காயம் முழுசாக மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவி வட்டமாக அழுத்தித் தேய்த்தால் அரிப்பு குறையும். பள்ளிக்குத் திரும்பப் போவதற்கு முதல் நாள் டீச்சரைத் தனியாகப் பார்த்து, வகுப்பில் அவரையே முன்கூட்டிப் பேசச் சொல்லுங்கள். இது தொற்றாது, கூட உட்காரலாம், கையைப் பிடிக்கலாம் என்று டீச்சர் வாயால் கேட்டால்தான் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் வருவார்கள்.